நாயின் வயிற்றில் பிறந்த மாத்திரை

திருவேங்கடம் கடைவீதியில் வயிற்று அமிலத்தை அடக்கும் மாத்திரையை ஒமிபிரசோல் என்று பெயர் சொல்லிக் கேட்பவர் குறைவு. “அண்ணாச்சி, வெறும் வயித்துல போடுற மாத்திரை ஒரு அட்டை குடுங்க” என்றால் போதும், மருந்துக்கடைக்காரரின் கை அந்த அறைக்குத் தானாகப் போய்விடும். மூட்டுவலி மாத்திரைக்குத் துணையாக அதை எழுதித் தருகிறார்கள். சர்க்கரை மாத்திரைச் சீட்டிலும் அது ஒரு மூலையில் இருக்கும். யாரும் எழுதித் தராமலே வருஷக்கணக்காக விழுங்குகிறவர்களும் உண்டு. சில காலமாக இந்த வரிசையில் நாயும் வந்து நிற்கிறது. “விடியக்காலைல மஞ்சளா வாந்தி எடுக்கு அண்ணாச்சி, நாய்க்கும் இதையே குடுக்கலாம்லா?” என்று கேட்டு வாங்கிப் போகிறார்கள். வாந்தி நிற்கிறது. மாத்திரையை நிறுத்தினால் வாந்தி திரும்புகிறது. மறுபடி ஓர் அட்டை. இப்படியே மாதங்கள் ஓடிவிடுகின்றன.

மனுஷன் மாத்திரையை நாய்க்குக் கொடுக்கலாமா என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு தகவல். அந்தக் கேள்வியைத் திருப்பிப் போட்டுத்தான் கேட்க வேண்டும். இந்த மாத்திரை பிறந்ததே நாயின் வயிற்றில். இரண்டு முறை சாகக் கிடந்து பிழைத்தது. அந்த இரண்டில் ஒன்றுக்கு ஒரு நாய்க் குடும்பமே காரணம்.

இதைச் சொல்ல இந்தப் பகுதியைவிடப் பொருத்தமான இடம் இல்லை. சங்கரன்கோவிலையும் கோவில்பட்டியையும் ஒட்டிய கரிசல் பூமி இது. 2019ல் தென்காசி மாவட்டத்தோடு சேர்ந்தது. வடக்கே இராஜபாளையம். பக்கத்து விருதுநகர் மாவட்டத்தில் சிப்பிப்பாறை. இரண்டு ஊர்ப் பெயரும் இரண்டு நாய் இனங்களின் பெயர். கன்னி நாயும் இந்த வட்டாரத்துச் சொத்துதான். இராஜபாளையம் நாய்க்கு 2005ல் தபால்தலையே வெளியிட்டார்கள். ஆட்டுக்கிடைக்குக் காவல், முயல் வேட்டை, கம்பங்கூழும் மோரும் என்று வாழ்ந்த நாய்கள் இப்போது வீட்டு வாசலில் கட்டிக்கிடந்து பரோட்டாவும் சால்னாவும் பிரியாணி எலும்பும் தின்கின்றன. வயிறு கெடாமல் என்ன செய்யும்?

கதை லண்டனில் தொடங்குகிறது. 1823 டிசம்பரில் வில்லியம் பிரௌட் என்ற மருத்துவர், வயிற்றில் ஊறுவது ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று ராயல் சொசைட்டியில் அறிவித்தார். கடையில் கக்கூஸ் கழுவ வாங்குகிறோமே, அதே இன அமிலம். பலர் நம்பவில்லை. உயிருள்ள உடம்புக்குள் அப்படி ஒரு திராவகம் இருந்தால் வயிறே வெந்துபோகாதா என்றார்கள். நியாயமான சந்தேகம். வயிறு வேகாமல் இருப்பதற்குச் சளிப்படலம், இரத்த ஓட்டம், பைகார்பனேட் என்று பல காவல்கள் உண்டு. அந்தக் காவல் உடையும் இடத்தில்தான் புண் வருகிறது. நம் சித்தர்கள் குன்மம் என்றார்கள். சங்கையும் பலகறையையும் புடம் போட்டுப் பற்பமாக்கிக் கொடுத்தார்கள். சங்கு என்பது சுண்ணாம்பு. சுண்ணாம்பு அமிலத்தை முறிக்கும். மருந்துக்கடையில் விற்கும் ரோஸ் நிறத் தண்ணிமருந்து வரை இந்த வழியில் வந்ததுதான். ஊறிய அமிலத்தை முறிப்பது ஒரு வேலை. ஊறாமலே தடுப்பது வேறு வேலை. அதற்கு அமிலம் எப்படி ஊறுகிறது என்று பார்த்தாக வேண்டும், பார்க்க ஒரு வயிறு வேண்டும்.

நாயின் வயிறு அகப்பட்டது. மனித வயிற்றுக்கு நெருக்கமான அமைப்பு, சாதுவான பிராணி, சோறு போட்ட கையை மறக்காது. மனிதன் அந்த நன்றியை எப்படிப் பயன்படுத்திக்கொண்டான் என்பதை நினைத்தால் கொஞ்சம் கூசத்தான் செய்கிறது. பிரெஸ்லாவில் ருடால்ஃப் ஹைடன்ஹைன் என்ற உடலியல் பேராசிரியர் 1870களின் கடைசியில் நாயின் வயிற்றில் ஒரு பகுதியை வெட்டித் தனிப் பையாகத் தைத்து, அதன் வாயை வயிற்றுத் தோலுக்கு வெளியே திறந்து வைத்தார். பெரிய வயிறு சாப்பாட்டைச் செரித்துக்கொண்டிருக்கும். சின்னப் பையில் சுத்தமான வயிற்றுநீர் மட்டும் வெளியே சொட்டும். நாய் உயிரோடும் ஓரளவு நலமாகவும் இருக்கும். அவரிடம் வேலை கற்க வந்த ரஷ்ய இளைஞர் இவான் பாவ்லோவ்.

பாவ்லோவ் என்றால் மணியடித்து நாய்க்கு எச்சில் ஊற வைத்தவர் என்பதே பள்ளிக்கூடப் பாடம். 1904ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது அதற்கு அல்ல, செரிமானத்துக்கு. குருநாதர் தைத்த பையில் ஒரு குறை இருந்தது: பையை வெட்டும்போது நரம்பும் அறுந்துவிட்டது. பாவ்லோவ் நரம்பு அறாமல் பையைப் பிரித்தெடுக்கக் கற்றார். 1894ல் ட்ருஜோக் என்ற நாயில் அது கைகூடியது. அதோடு இன்னொரு ஏற்பாடும் செய்தார். நாயின் உணவுக்குழாயைக் கழுத்தில் திறந்துவிட்டால் விழுங்கிய இறைச்சி வயிற்றுக்குப் போகாமல் கழுத்து வழியாகத் தட்டில் விழும். நாய் அதையே திரும்பத் தின்னும், அது திரும்ப விழும். ஒரு துணுக்கும் வயிற்றைத் தொடாது. ஆனாலும் ஐந்தாறு நிமிடத்தில் வயிற்றில் பொருத்திய குழாயிலிருந்து தண்ணீர் போல் தெளிந்த அமிலநீர் வழியத் தொடங்கும். நாக்கில் ருசி பட்டதுமே மூளை வயிற்றுக்குச் சேதி அனுப்பிவிடுகிறது என்பதற்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

அந்த நீரைப் பாவ்லோவ் வீணாக்கவில்லை. வடிகட்டிப் புட்டியில் அடைத்து விற்றார். அஜீரணக்காரர்களுக்கு நாயின் வயிற்றுநீர் மருந்து! பீட்டர்ஸ்பர்க்கில் அவருடைய ஆய்வுக்கூடத்தில் பெரிய பெரிய நாய்களை வரிசையாகத் தாங்கிகளில் நிறுத்தி, தின்னக் கொடுத்து, நீர் சேகரித்தார்கள். ஆய்வுக்கூடச் செலவுக்கு அந்த விற்பனை நல்ல ஒத்தாசை. அந்தக் காலத்து மருத்துவருக்கு அஜீரணம் என்றால் அமிலம் போதவில்லை என்று அர்த்தம். இன்றைய மருத்துவருக்கு அமிலம் கூடிவிட்டது என்று அர்த்தம். நூறு வருஷத்தில் நோயாளியின் புகார் மாறவே இல்லை, மருந்து மட்டும் எதிர்த்திசைக்குப் போய்விட்டது.

பாவ்லோவிடம் படித்த போலந்துக்காரர் லியோன் போபியல்ஸ்கி 1916ல் ஒரு நாயின் தோலுக்கடியில் ஹிஸ்டமின் என்ற பொருளை ஊசியில் ஏற்றினார். நரம்பு ஏதும் தூண்டாமலே வயிற்றுநீர் மணிக்கணக்கில் கொட்டியது. இதன் பலனை அறுவடை செய்தவர் ஜேம்ஸ் பிளாக். ஸ்மித் கிளைன் அண்டு பிரெஞ்ச் கம்பெனியின் இங்கிலாந்து ஆய்வுக்கூடத்தில் 1964ல் வேலையைத் தொடங்கி, ஹிஸ்டமின் வயிற்று அணுவில் வந்து உட்காரும் இடத்தை அடைக்கும் மருந்தைத் தேடினார். 1976ல் சிமெடிடின் கடைக்கு வந்தது. 1981ல் கிளாக்ஸோ ரானிடிடினைக் கொண்டுவந்தது. ஃபாமோடிடின் ஜப்பானில் பிறந்தது. அல்சர் என்றால் வயிற்றை வெட்டித்தான் தீர வேண்டும் என்றிருந்த காலம் அதோடு முடிந்தது. 1988ல் பிளாக்குக்கு நோபல்.

ஆனால் நம் மாத்திரையின் ஊர் சுவீடன். அங்கே கோதன்பர்க் பக்கத்தில் ஆஸ்ட்ரா கம்பெனிக்கு ஹெஸ்லே என்று ஒரு கிளை. ஆஸ்ட்ரா என்றால், பல் பிடுங்கும்போது ஈறில் போடும் சைலோகெய்ன் ஊசியை உலகுக்குத் தந்த கம்பெனி. லார்ஸ் ஒல்பே என்ற அறுவை மருத்துவர் நாய்களின் வயிற்றுப்பைகளை வைத்து ஆராய்ந்தவர். தொழில்முறையில் பாவ்லோவின் வாரிசு என்றே சொல்லலாம். வயிற்றின் கீழ்ப்பகுதியை மரத்துப்போக வைத்தால் அமிலம் குறைவதை அவர் கண்டிருந்தார். மரத்துப்போகும் மருந்துதான் நம்மிடம் இருக்கிறதே, அதையே திருத்தி மாத்திரையாக்கினால் என்ன என்று 1960களின் பின்பாதியில் ஹெஸ்லே இறங்கியது. சோதனைக்கு எலி. எலியின் அமிலத்தை அழகாக நிறுத்திய ஒரு பொருள் கிடைத்தது. மனிதனுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றுமே நடக்கவில்லை.

சில வருஷ உழைப்பு மண்ணாய்ப் போனது. எலியை நம்பியதுதான் பிசகு என்று முடிவு செய்து, 1972ல் நாய்க்குத் திரும்பினார்கள். வயிற்றில் குழாய் பொருத்திய நாய்களில் ஒவ்வொரு பொருளாகச் சோதித்தார்கள். முதலில் கிடைத்த நல்ல பொருளை வேறொரு கம்பெனி காசநோய்க்கென்று ஏற்கெனவே காப்புரிமை செய்து வைத்திருந்தது. அது உடம்புக்குள் போய் மாறும் வடிவத்தைப் பிடித்தார்கள். அதன் பெயர் டைமோபிரசோல். வீரியம் இன்னும் அதிகம், ஆனால் தைராய்டை வீங்க வைத்தது. அதைத் திருத்தி 1976ல் பிக்கோபிரசோல் செய்தார்கள். தைராய்டுத் தொல்லை போயிற்று. கம்பெனி மூச்சு விட்டது.

அப்போதுதான் நாய்கள் நோயில் விழுந்தன. நீண்ட நாள் மருந்து கொடுத்துப் பார்க்கும் நச்சுச் சோதனையில் சில பீகிள் நாய்களுக்கு இரத்தக்குழாய்கள் அழன்று அழுகின. இப்படி ஒரு கோளாறைக் காட்டிய மருந்தை எந்த அதிகாரியும் மனிதருக்கு அனுமதிக்க மாட்டார். வேலை நின்றது. கோப்புகளை மறுபடி புரட்டியபோது ஒன்று கண்ணில் பட்டது. நோய் வந்த நாய்களில் ஒன்றுக்கு மருந்தே கொடுக்கவில்லை! அது ஒப்பீட்டுக்காக வைத்திருந்த நாய். மருந்து தொடாத நாய்க்கு எப்படி மருந்தின் நோய் வரும்? நாய்களின் பிறப்பை விசாரித்தார்கள். நோயுற்றவற்றில் ஒன்றைத் தவிர எல்லாம் ஒரே தகப்பனின் குட்டிகள். தகப்பன் பெயர் ஃபேபியன். அந்த வம்சத்து நாய்களின் இரத்தத்தில் குடற்புழுவுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் இருந்தன. புழு நீக்க மருந்து கொடுத்ததையொட்டி வந்த வினையாக இருக்க வேண்டும் அது; பிக்கோபிரசோல் நிரபராதி. வேறு வம்சத்து பீகிள்களை வைத்துத் திரும்பச் செய்த சோதனையில் ஒரு நாய்க்கும் நோய் இல்லை. இராஜபாளையத்திலும் சிப்பிப்பாறையிலும் நாய் வளர்க்கிறவர்கள் குட்டி வாங்கும்முன் தாய் தகப்பனை விசாரிப்பார்கள். சுவீடன்காரர்கள் அந்த விசாரணையைக் கடைசியில் வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

1979ல் பிக்கோபிரசோலை இன்னும் திருத்திச் செய்த பொருளுக்கு ஆய்வுக்கூடத்து எண் எச் 168/68. அதுதான் ஒமிபிரசோல். அது எதைப் பிடிக்கிறது என்பதும் அதே காலத்தில் துலங்கியது. வயிற்றுச் சுவரில் அமிலம் சுரக்கும் அணுவுக்குள் ஒரு பம்பு இருக்கிறது. பொட்டாசியத்தை உள்ளே இழுத்து அமிலத்தை வெளியே தள்ளும் பம்பு. நரம்பு, ஹிஸ்டமின், காஸ்ட்ரின் என்ற ஹார்மோன், எது தூண்டினாலும் கடைசியில் இந்தப் பம்பு ஓடினால்தான் அமிலம். சிமெடிடின் வகை மருந்துகள் தூண்டுகிறவர்களில் ஒருவரை மட்டும் வாசலில் நிறுத்தும். ஒமிபிரசோல் பம்பையே பூட்டிவிடும்.

இந்த மாத்திரையை ஒருமுறை பிரித்துப் பார்க்க வேண்டும். கேப்சூலைத் திறந்தால் கசகசாவைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளை உருண்டைகள் கொட்டும். ஒவ்வோர் உருண்டைக்கும் அமிலத்தில் கரையாத மேல்பூச்சு உண்டு. ஒமிபிரசோல் அமிலத்தில் பட்டால் உடனே சிதையும் பொருள். அமிலத்தை அடக்க வந்த மருந்து அமிலத்தைத் தொடாமல் வயிற்றைக் கடந்து, குடலில் கரைந்து, இரத்தத்தில் ஏறி, பின்வாசல் வழியாக அதே வயிற்றுச் சுவருக்குத் திரும்பி வருகிறது. பம்பு ஓடும் இடத்தில் உள்ள அமிலம்தான் அதை முடுக்கி, பம்போடு ஒட்ட வைக்கிறது. சாப்பாடு வரும்போதுதான் பம்புகள் எழுந்து ஓடும். அதனால்தான் அரை மணி, முக்கால் மணி முன்னால் வெறும் வயிற்றில் போடச் சொல்கிறார்கள். நாய்க்கும் இதே கணக்கு. ஆனால் பல வீடுகளில் நடப்பது என்ன? நாய் துப்பிவிடுகிறது என்று மாத்திரையை அம்மியில் நுணுக்கித் தயிர்ச்சோற்றில் பிசைந்து வைக்கிறார்கள். மேல்பூச்சு போயிற்று, வெறும் வயிறும் போயிற்று. காசு கொடுத்து வாங்கிய மருந்து சோற்றோடு சிதைந்துபோகிறது.

இரண்டாவது கண்டம் 1984ல் வந்தது. ஆயுள் முழுக்கப் பெரிய அளவில் ஒமிபிரசோல் கொடுத்த எலிகளின் வயிற்றில் கட்டிகள். மருத்துவமனைச் சோதனைகள் நிறுத்தப்பட்டன. இந்த முறை மருந்து முழு நிரபராதி அல்ல. வயிற்றின் கீழ்ப்பகுதியில் அமில அளவைக் கண்காணிக்கும் அணுக்கள் உண்டு. அமிலம் குறைந்தால் அவை காஸ்ட்ரினை இரத்தத்தில் விடும். காஸ்ட்ரின் போய் ஹிஸ்டமின் வைத்திருக்கும் அணுக்களைத் தட்டும். அவை ஹிஸ்டமினை விட, பம்பு ஓடும். பம்பைப் பூட்டிவிட்டதால் அமிலம் வரவில்லை. வரவில்லையே என்று காஸ்ட்ரின் ஏறிக்கொண்டே போனது. ஓயாமல் தட்டுப்பட்ட ஹிஸ்டமின் அணுக்கள் எண்ணிக்கையில் பெருகிக் கட்டியாயின. எலியின் வயிற்றில் இந்த அணுக்கள் ஏற்கெனவே மிக அதிகம். காஸ்ட்ரின் சுரக்கும் பகுதியை வெட்டி எடுத்த எலிகளில், எவ்வளவு மருந்து கொடுத்தும் அணுக்கள் பெருகவில்லை. குற்றம் காஸ்ட்ரின் ஏற்றத்தில் என்று தெளிந்தபின் சோதனைகள் தொடர்ந்தன. 1988ல் லோசெக் என்ற பெயரில் மருந்து சந்தைக்கு வந்தது. அமெரிக்காவில் லேசிக்ஸ் என்ற நீர் மாத்திரையோடு பெயர் குழம்பி, பிரைலோசெக் என்று மாற்றினார்கள். 1996ல் உலகிலேயே அதிகம் விற்ற மருந்து அதுதான்.

இந்தியாவில் 1970ம் வருஷச் சட்டப்படி 2005 வரை மருந்துக்குக் காப்புரிமை இருக்கவில்லை, செய்முறைக்கு மட்டும்தான் இருந்தது. வேறு வழியில் செய்தால் அதே மருந்தை விற்க முடிந்தது. 1991ல் டாக்டர் ரெட்டீஸ் ஓமெஸைக் கொண்டுவந்தது. கொஞ்ச காலத்தில் அது ரஷ்யாவில் சக்கைப்போடு போட்டது. ஒரு காலத்தில் புட்டி புட்டியாக நாயின் அமிலம் விற்ற தேசத்துக்கு ஹைதராபாத்திலிருந்து அமிலம் நிறுத்தும் மாத்திரை போனது. நம்மூர்க் கடைகளில் ஒரு மாத்திரை சில்லறைக் காசுக்குக் கிடைப்பதற்கும் அந்தச் சட்டமே காரணம். மலிவாகக் கிடைப்பது நல்லதுதான். மலிவாகக் கிடைப்பதை யோசிக்காமல் விழுங்குவதும் அதனால்தான்.

பிறந்த வீட்டுக்குத் திரும்புவோம். நாயை வைத்துச் செய்த மருந்து நாய்க்கு வேலை செய்யும் என்பதில் ஐயமில்லை. கிலோவுக்கு 1 மில்லிகிராம் வீதம் இரண்டு வேளை என்பது கால்நடை மருத்துவர்களின் வழக்கமான அளவு. 20 கிலோ எடையுள்ள நாய்க்கு மனிதரின் 20 மில்லிகிராம் கேப்சூல் கச்சிதமாகப் பொருந்திவிடுகிறது. வேலை செய்யாதது வேறொன்று. 2005ல் கனடாவில் குவெல்ஃப் கால்நடைக் கல்லூரியில் நாய்களின் வயிற்று அமிலத்தை நாள் முழுக்க அளந்து பார்த்தார்கள். ரானிடிடின் போட்ட நாய்க்கும் வெறும் உப்புத்தண்ணி போட்ட நாய்க்கும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. நம் பக்கத்தில் வாந்தி எடுக்கும் நாய் எதுவானாலும் ஒரு ரானிடிடின் ஊசி விழுவது நெடுங்காலப் பழக்கம். புற்றுநோய்க்கு வழிவகுக்கக்கூடிய மாசு சேர்கிறது என்ற புகாரில் அமெரிக்கா 2020ல் ரானிடிடினைத் திரும்பப் பெற வைத்தது. இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்து 2022ல் அது நீங்கியது. ஃபாமோடிடின் முதல் சில நாள் நன்றாகக் கேட்கும். இரண்டு வாரம் தொடர்ந்து கொடுத்தால் பலன் தேய்ந்துவிடும் என்று 2017ல் டென்னஸி பல்கலைக்கழகத்தில் பீகிள்களை வைத்தே காட்டினார்கள்.

அமெரிக்கக் கால்நடை உள்மருத்துவ நிபுணர்களின் அமைப்பு இதையெல்லாம் தொகுத்து 2018ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதை எழுதியவர்கள் சொன்னதை நாட்டு வழக்கில் சொன்னால்: இது புண்ணுக்கு மருந்து, வாந்திக்கு மருந்து அல்ல. இரைப்பையிலும் குடலிலும் புண், இரத்தக்கசிவு, அமிலம் மேலேறி உணவுக்குழாய் வெந்த நிலை, இவற்றுக்கு ஒமிபிரசோல் வகையே சிறந்தது. அதுவும் இரண்டு வேளை. சாதாரண வயிற்று அழற்சிக்கும், கணைய அழற்சிக்கும், இரத்தக்கசிவு இல்லாத சிறுநீரக நோய்க்கும் இது உதவும் என்பதற்கு ஆதாரம் இல்லை. நீண்ட நாள் கொடுத்தே தீர வேண்டிய நாய்கள் இல்லாமல் இல்லை. காஸ்ட்ரினை ஓயாமல் கொட்டும் அபூர்வக் கட்டி உள்ளவை, ஹிஸ்டமினை விடும் மாஸ்ட் செல் கட்டி உள்ளவை. இவற்றுக்கு மாத்திரைதான் உயிர். அவை எண்ணிக்கையில் சொற்பம்.

மற்ற நாய்கள் எப்படி மாதக்கணக்கில் மாட்டிக்கொள்கின்றன? இந்தப் பக்கத்தில் உண்ணிக் காய்ச்சல் சகஜம். அதற்கு டாக்ஸிசைக்கிளின் சுமார் நான்கு வாரம். அது வயிற்றைப் பிரட்டும் மருந்து; கூடவே ஒரு ‘கேஸ் மாத்திரை’ எழுதுவார்கள். காய்ச்சல் மாத்திரை முடிந்தபின்னும் அந்தத் துணை மாத்திரை தொடர்கிறது. நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, கேட்கவும் தோன்றவில்லை. (தண்ணிமருந்து வகை அமிலமுறிகளை டாக்ஸிசைக்கிளினோடு சேர்த்துக் கொடுக்கவே கூடாது, அவற்றிலுள்ள அலுமினியமும் மக்னீசியமும் டாக்ஸிசைக்கிளினைக் கட்டிப்போட்டுவிடும். இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.) இன்னொரு வழி, நொண்டும் நாய்க்கு வீட்டிலிருக்கும் டைக்ளோஃபெனாக்கையோ ஐபுபுரோஃபெனையோ கொடுப்பது. நாயின் இரைப்பையை இவை துளைத்துவிடும். புண்ணுக்கு ஒமிபிரசோல், வலிக்கு மறுபடி அதே வலி மாத்திரை என்று ஒன்றை ஒன்று துரத்துகிறது. வலி மாத்திரையை நிறுத்தாதவரை மற்றது ஆற்றாது.

மூன்றாவது வழிதான் கடையில் அடிக்கடி காதில் விழுவது: விடியற்காலை மஞ்சள் வாந்தி. சாயங்காலம் ஆறு மணிக்குச் சோறு வைத்தால் மறுநாள் காலை வரை நாயின் வயிறு காலி. நீண்ட நேரம் காலியாகக் கிடக்கும் வயிற்றுக்குள் குடலிலிருந்து பித்தநீர் ஏறி வந்து உறுத்துகிறது. நாய் புல்லைக் கடித்துவிட்டு மஞ்சளாகக் கக்குகிறது. கக்கியபின் வழக்கம்போல் வாலாட்டிச் சாப்பிட வருகிறது. மற்றபடி சுகமாக இருக்கும் நாய்க்கு முதல் வைத்தியம், படுக்கப்போகும் முன் ஒரு பிடி சோறு. பல நாய்களுக்கு அதுவே போதும். மாட்டாஸ்பத்திரியில் டாக்டர் இதைச் சொன்னால் ஜனங்களுக்குத் திருப்தி இல்லை. ஊசி போடாமல் அனுப்பிவிட்டார் என்று குறைப்படுகிறார்கள்.

எல்லாவற்றையும்விட வலுவான கண்ணி மாத்திரைக்குள்ளேயே இருக்கிறது. 1984ல் எலிகளைப் பிடித்த அதே காஸ்ட்ரின். வாரக்கணக்கில் மாத்திரை போட்ட நாயிலும் காஸ்ட்ரின் ஏறுகிறது, அளந்து பார்த்திருக்கிறார்கள். நாய்க்குக் கட்டி வந்துவிடும் என்று பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. கரண்ட் போன வீட்டில் எல்லா சுவிட்சையும் போட்டு வைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருக்கும் நிலை அது. மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் கரண்ட் ஒரே நொடியில் வருகிறது. முன்னைவிட அதிகமாக அமிலம் பொங்குகிறது. 2009ல் டென்மார்க்கில் வயிற்றுக்கோளாறே இல்லாத 120 பேரை வைத்து இதைப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு 8 வாரம் இந்த இன மாத்திரை, பிறகு மருந்தில்லாத வெறும் மாத்திரை; மீதிப் பேருக்குத் தொடக்கம் முதலே வெறும் மாத்திரை. நிறுத்தியபின் நெஞ்செரிச்சலும் அஜீரணமும் சொன்னவர்கள், மருந்து தின்ற பக்கத்தில் நூற்றுக்கு 44 பேர், மற்றப் பக்கத்தில் 15 பேர். நோயில்லாதவரை நோயாளியாக்கும் வேலையை மாத்திரையே செய்திருந்தது. நாய் தனக்கு நெஞ்செரிகிறது என்று சொல்லாது. உதட்டை நக்கும், புல்லைத் தேடும், கக்கும். “பார்த்தீங்களா அண்ணாச்சி, மாத்திரைய நிறுத்துனதும் திரும்ப வந்துட்டு” என்று வீட்டுக்காரர் இன்னோர் அட்டை வாங்குவார். திரும்பி வந்தது பழைய நோயா, மாத்திரையின் மிச்சமா என்று யார் பிரித்துச் சொல்வது?

அமிலத்துக்கு வேறு வேலைகளும் உண்டு. தெருவில் கிடப்பதை எல்லாம் வாயில் போடும் பிராணிக்கு, கெட்ட இறைச்சியோடு வரும் கிருமியைக் கொல்வதே அந்த அமிலம்தான். கோழிக் கழிவு தின்னும் நாய்க்கு அந்தக் காவலை மாதக்கணக்கில் எடுத்துவிடுவது சரியான யோசனையாகத் தோன்றவில்லை. ஒமிபிரசோல் கொடுத்த நாய்களின் வயிற்றிலும் குடலிலும் வாழும் நுண்ணுயிர்களின் கூட்டு மாறுவதையும் கண்டிருக்கிறார்கள்.

ஏற்கெனவே மூன்று நான்கு வாரத்துக்கு மேல் கொடுத்துவிட்டவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றிரவே நிறுத்திவிடக் கூடாது. முதலில் எதற்காகத் தொடங்கியது என்று சீட்டை எடுத்துப் பார்க்க வேண்டும். கட்டிக்காகத் தொடங்கியிருந்தால் நிறுத்தும் பேச்சே இல்லை. காரணம் தீர்ந்திருந்தால் மருத்துவரிடம் கேட்டு, இரண்டு வேளையை ஒரு வேளையாக்கி ஒரு வாரம், பிறகு இன்னும் குறைத்து என்று இறக்க வேண்டும். கேப்சூல் உருண்டைகளைப் பாதியாகப் பிரித்துக் கொடுக்கலாம், நுணுக்கக் கூடாது. குறைக்கும் நாட்களில் ஓரிரு தடவை கக்கினால் உடனே பழைய அளவுக்கு ஓட வேண்டாம்; இரவுச் சோற்றை இரண்டாகப் பிரித்து வைத்துப் பார்க்கலாம். ஆனால் மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனாலோ, வாந்தியில் காப்பித்தூள் போல் வந்தாலோ, ஈறு வெளுத்திருந்தாலோ உள்ளே இரத்தம் கசிகிறது என்று அர்த்தம். அப்போது கடைவீதிக்குப் போகாமல், நாயைத் தூக்கிக்கொண்டு நேரே மாட்டாஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அதுவரை கொடுத்த மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும், முக்கியமாக வலி மாத்திரை அட்டையை, கையோடு கொண்டுபோக வேண்டும்.